திரு. வி. க.வும் தொழிலாளர் சங்கமும்

தமிழ்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றைக் கற்கப் புகுவோர் பெரும்பாலும் சென்னைப் பெரம்பூரிலிருந்து தொடங்குவர். யாம் காஞ்சிபுரத்திலிருந்து தொடங்க விழைகின்றோம். கைத்தொழிலையே வாழ்வாகக் கொண்ட மக்கள் பல்லாயிரவர் தலைமுறை தலைமுறையாக உறையும் நகரம் காஞ்சி. ஆயினும் தொழிலாளர் சங்கம் என்னும் புதுப்பொருள் ஈண்டுத் தோன்றவில்லை. சென்னையின் ஆலைப்புறத்தே தோன்றிற்று. அஃது ஏன் என்னும் வினா ஒன்று. அச்சங்கத்தைப் பேணி வளர்த்த தலைவராகிய திருவாரூர் வி. கலியாணசுந்தரனார், பெரம்பூரில் எதிர்ப்பட்ட ஒரு சிக்கலை வேறு வடிவில் மீண்டும் எதிர்கொண்டது இக்காஞ்சியில் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி அவர்தம் தொழிலாளர் தொண்டின் சிறப்பும் எல்லையும் விளங்கா என்பது எமது கருத்து.

முதற்கண் நெசவாளர் நிலையைக் காண்போம். பிள்ளையார்பாளையத்துத் தெருவொன்றில் புகுந்தால், வீடுதோறும் தறியோசை கேட்கும். குழித்தறியில் இறங்கியிருந்து நெய்பவர் குடும்பத் தலைவர்; நூல் சுற்றித் தருபவர் மனைவியார் அல்லது முதிய தாயார். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தனவாய் அமையும் கோர்வைச் சேலைக்குக் கரைநாடாவை எறிய மற்றொருவர் கை வேண்டும். அக்கை நெடுங்காலம் அவ்வீட்டுச் சிறுவன் கையாகவே இருந்து வந்தது. பட்டும் சரிகையும் தருபவர் முதலாளி. நெய்து முடித்த சேலையைப் பெற்றுக் கூலி கொடுப்பவரும் அவரே. அடுத்த வீட்டார் என்ன கூலிக்கு இசைந்தார் என்பதை இவ்வீட்டார் திண்ணமாக அறியார். முன்பணம் பெற்ற கணக்கு ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொன்று. செங்குந்தர், சாலியர், தேவாங்கர், சௌராட்டிரர் எனக் குலமும் பல. எல்லாரையும் ஒருங்கே அழைக்கும் சங்கொலி இல்லை. எல்லாரும் ஒருங்கே புகும் வாயில் இல்லை. ஒருவர் தறியை நிறுத்தினால் அவர் வீட்டு அடுப்பு அணையுமேயன்றி நகரத்தார்க்கு அது தெரிவதில்லை. ஆகவேதான் நெசவாளர்க்கு உதவ எண்ணியோர் வேலைநிறுத்தத்தைக் காட்டிலும் கூட்டுறவையே நாடினர். இக்காலத்துக் கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935இல் தோன்றியதும் இவ்வழியிலேயாம்.

இதற்கு நேர்மாறான காட்சியொன்றை அமெரிக்க நாட்டில் காணலாம். 1919 ஏப்பிரலில், பாஸ்டன் முதலிய நகரங்களின் டெலிபோன் நிலையங்களில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்த பெண்கள் ஏறத்தாழ 8,000 பேர் வேலையை நிறுத்தினர். அவர்க்குத் தலைமை பூண்டவர் ஜூலியா ஓகானர் என்னும் நங்கை. தாமும் அப்பலகையின்முன் அமர்ந்து வேலை செய்தவர். போர்க்கால ஏற்பாட்டின்படி டெலிபோன் நிர்வாகம் அப்போது அரசாங்கத்தின் தபால் தலைவர் கையில் இருந்தது. அரசாங்கத்தையே எதிர்த்து இளம்பெண்கள் என் செய்ய வல்லர் என்று எண்ணியோர் பலர். ஆனால் அப்பெண்கள் எழுந்து சென்ற அக்கணமே நகரத்தின் பேச்சு நின்றது. வணிகர் வாய் அடைத்தது. ஒரு வாரத்திற்குள் கூலி உயர்வோடு பூசல் தீர்ந்தது. ஒரு கூரையின்கீழ்ப் பலர் அமர்ந்து செய்யும் தொழிலில், அவர் கை ஓய்ந்தவுடன் பிறர் வாழ்வு தடைப்படுமாயின், சங்கம் எத்துணை விரைவில் வலிமை பெறும் என்பதற்கு இஃது ஒரு சான்று. தறியாளர் ஒரு கோடி. டெலிபோன் பெண்கள் மறுகோடி. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் இவ்விரண்டிற்கும் இடையே நின்றவர். கூரை ஒன்றாயிற்று, ஆனால் அக்கூரையின்கீழ் நின்றோர் ஒன்றாயினரோ என்பதே பின்னர் எழுந்த கேள்வி.

நிற்க. கலியாணசுந்தரனார் 1883 ஆகஸ்ட் 26ஆம் நாள், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த துள்ளம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மையார். சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிற் பயின்றார். யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் கற்கும் பேறு அங்கே கிட்டிற்று. பள்ளிப் படிப்பு முற்றுப்பெறவில்லை. ஸ்பென்ஸர் கம்பெனியிற் சிலகாலம் கணக்குவேலை பார்த்தார்; பின்னர் வெஸ்லி பள்ளியில் ஆசிரியராகவும், வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராகவும் அமர்ந்தார். 1917இல் அவ்வேலையைத் துறந்து 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். பட்டம் பெறாத ஒருவர், வழக்கறிஞரும் பட்டதாரிகளும் ஆங்கிலத்திலேயே அரசியல் பேசிவந்த காலத்தில், தமிழில் அரசியல் எழுதத் துணிந்தார். அத்துணிவின் பயனை முதன்முதல் நுகர்ந்தவர் படித்த கூட்டத்தார் அல்லர், ஆலைத் தொழிலாளரே.

பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை என்னும் இரண்டு பஞ்சாலைகள் பின்னி நிறுவனத்தாரால் நடத்தப்பெற்றன. வைகறையில் சங்கு ஊதும். தொழிலாளர் விரைந்து வாயிலைக் கடக்க வேண்டும். சிறிது பிந்தினும் கதவு அடைபடும். 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலையில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 12 மணி நேர வேலையை ஒப்பியிருந்தது. நண்பகல் உணவுக்கு விடப்பெற்ற நேரம் அரைமணி. அவ்வரைமணியில் வெளியே வந்து, கை கழுவி, உண்டு, மீண்டும் உள்ளே புகவேண்டும். அதனை 40 நிமிடமாக நீட்ட வேண்டும் என்பதே தொழிலாளர் விடுத்த முதற் கோரிக்கைகளுள் ஒன்று. பத்து நிமிடம்! வரலாற்றில் பெரிய இயக்கங்கள் பெரிய சொற்களோடு பிறப்பன என்று எண்ணுவோர் இப்பத்து நிமிடத்தை நினைவிற் கொள்வாராக.

அப்பகுதியிற் சிறு வாணிபம் செய்துவந்த கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமாநுஜலு நாயுடுவும் தொழிலாளர் குறைகளை நாள்தோறும் தம் கடையிருந்தபடியே கேட்டு வந்தவர்கள். வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்னும் பெயரால் அங்கே பக்திக் கூட்டமொன்று நிகழ்ந்து வந்தது. சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடிய அதே மக்கள் தம் வயிற்றுப்பாட்டைப் பேசவும் அங்கேயே கூடினர். 1918இன் தொடக்கத்தில் அவர்கள் கூட்டத்திற் பேசத் திரு. வி. க. அழைக்கப்பெற்றார். ஆன்மிக ஞானசபையைச் சார்ந்தவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' இதழில் தொண்டு செய்தவருமாகிய பி. பி. வாடியாவை அவ்விரு வணிகரும் சென்று கண்டனர். அவ்வாண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பெற்றது. வாடியா தலைவர், கேசவ பிள்ளையும் திரு. வி. க.வும் துணைத் தலைவர். வணிகர் இருவரும் செயலாளர். ஒழுங்காக உறுப்பினர் சேர்த்து, சந்தா வாங்கி, கணக்கு வைத்து நடந்த தொழிற்சங்கங்களுள் இந்தியாவிலேயே முதன்மையானது இது என்று வரலாற்றறிஞர் பலர் கூறுவர். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பம்பாயிற் பிறந்தது இரண்டாண்டு கழித்து, 1920 அக்டோபரிலேயாம்.

அதே 1918ஆம் ஆண்டு திரு. வி. க. தம் மனைவியார் கமலாம்பாளை இழந்தார். பெற்ற குழந்தைகளும் பிழைக்கவில்லை. மீண்டும் மணம் புரியாமலே வாழ்ந்தார். இத்துயரம் அவரைப் பொதுத் தொண்டிற் செலுத்தியது என்று எழுதுவோர் உளர். யாம் அவ்வாறு கூறத் துணியோம். அவர் ஆலைப்புறத்திற்கு அடி வைத்தது மனைவியார் மறைவதற்கு முன்னரே.

வாடியா பார்சி வகுப்பினர், தமிழ் அறியார். அவர்தம் ஆங்கிலச் சொற்பொழிவு தமிழில் ஆக்கப்பெற்றே தொழிலாளர் செவியை அடைந்தது. திரு. வி. க. பேசிய கூட்டத்திலோ இடையே ஒருவர் நிற்க வேண்டியதில்லை. 'கூலிக்காரர்' என்று பிறர் அழைத்த மக்களைத் 'தொழிலாளர்' என்று அவர் அழைத்தார். சொல் ஒன்று மாறினாற் கூலி மாறுமோ என்று வினவலாம். கூலி மாறாது; கூலி கேட்பவன் நிமிர்ந்து நிற்பான். சைவ நூற் பயிற்சியும், திருமுறை ஓதிய நாவும், பள்ளியிற் சிறுவர்க்குப் பாடம் சொல்லிய பொறுமையும் அவர் பேச்சில் ஒருங்கே கலந்து நின்றன. உழைப்பை அவர் ஓர் அறமாகப் பேசினார். முதலாளியைப் பகைவனாக அல்லாமல் வழி தவறிய உடன்பிறப்பாகப் பேசினார். இப்பேச்சு போதாது என்று பின்வந்த பொதுவுடைமைத் தோழர் குறை கூறினர். அக்குறையிற் பொருளுண்டு. ஆயினும் கூட்டத்தையே கண்டறியாத மக்களை முதலிற் கூட்டியது அப்பேச்சேயாதலின், அதனை எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது.

சங்கம் பிறந்த இரண்டரை ஆண்டுக்குள் பெருஞ்சோதனை வந்தது. 1920இன் இறுதியில் பக்கிங்காம் ஆலையில் கதவடைப்பு நிகழ்ந்தது. டிசம்பரிற் போலீஸார் சுட்டதில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பின்னி நிறுவனத்தார் வாடியா முதலியோர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளரை ஒப்பந்தம் மீறுமாறு தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. கேட்டது பெருந்தொகை நட்டஈடு. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மாணவர் ஈண்டு ஒன்றனைக் கருத வேண்டும். சங்கம் கூடுதல் குற்றமென்று எச்சட்டமும் கூறவில்லை. ஆனால் சங்கத் தலைவர்க்குக் காப்பளிக்கும் சட்டமும் இல்லை. வேலையை நிறுத்துங்கள் என்று ஒருவர் மேடையிற் கூறின், அவர் வீடும் பொருளும் நட்டஈட்டிற்கு ஆளாகலாம் என்பதே அன்றைய நிலை. 1921இன் தொடக்கத்தில் வாடியா சங்கத்தினின்றும் விலகும்படியாயிற்று. அவ்வாண்டே என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குக் காப்பு வேண்டுமென்று தீர்மானம் கொணர்ந்தார். 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறிற்று. பதிவு பெற்ற சங்கத்தின் தலைவர் வேலைநிறுத்தம் பற்றி அஞ்சாது பேசலாம் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. பெரம்பூர்த் தொழிலாளர் தாம் தோற்ற வழக்கால் நாட்டுத் தொழிலாளர் அனைவர்க்கும் ஒரு சட்டத்தை ஈட்டித் தந்தனர் எனல் மிகையாகாது.

வாடியா சென்றபின் சுமை திரு. வி. க.வின் தோளில் விழுந்தது. அடுத்து வந்தது 1921ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தம். மே மாதத்திற் கர்நாடிக் ஆலையில் தொடங்கி, ஜூனிற் பக்கிங்காம் ஆலைக்கும் பரவி, அக்டோபர்வரை நீண்டது. இதனை விரித்துக் கூறவேண்டியவராயிருக்கின்றோம். ஏனெனின் அவர் வாழ்வின் பெருங்கேள்வி இங்குத்தான் எழுந்தது.

ஆலையில் வேலை செய்தோர் பல வகுப்பினர். சாதி இந்துக்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, ஆதி திராவிடர் பெருந்தொகையினர் உண்டு. இம்முறை ஆதி திராவிடத் தொழிலாளருட் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்திற் சேரவில்லை, ஆலைக்குட் சென்றனர். சென்றது ஏன்? 'முதலாளியும் அரசாங்கமும் பிரித்தாண்டனர்' என்பது அந்நாளிற் பலரும் கூறிய விடை. அது முழுப் பொய்யன்று, முழு மெய்யுமன்று. முந்திய பூசலில் மாதக்கணக்கிற் கூலியிழந்தோருள் மீண்டும் தாங்க வலியற்றவர் யாவர்? சாதித் தொழிலாளி ஒருவர்க்கு ஊரில் ஒரு காணி நிலமோ, கடன் கொடுக்கும் உறவினரோ, கடன்கணக்கில் அரிசி அளக்கும் வணிகரோ இருத்தல் கூடும். சேரியில் வாழ்ந்தவர்க்கு அந்நாளின் கூலியே அந்நாளின் உணவு. மேலும், ஆலைக்குள் தோளோடு தோள் நின்றவன் ஆலைக்கு வெளியே தன் தெருவில் அவனை நடக்கவிடாதிருந்தான். கூலியில் உடன்பிறப்பு, தண்ணீர்க் கிணற்றில் அயலான் என்றால், வேலைநிறுத்தத்தில் அவன் உடன் நிற்க வேண்டுமென்று கேட்பதற்கு என்ன உரிமை?

இக்கேள்வியைச் சட்டசபையில் எழுப்பியவர் எம். சி. இராஜா. அவர் பரங்கிமலையிற் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1883. பயின்றது இராயப்பேட்டை வெஸ்லி பள்ளி, பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார், ஆசிரியராயிருந்தவர், பாடநூல்கள் எழுதியவர். ஒரே ஆண்டிற் பிறந்து, ஒரே பள்ளியின் கல்வியைப் பெற்று, ஆசிரியத் தொழிலே பூண்டு, ஏழைமக்கட்கே உழைக்க எண்ணிய இருவர் 1921இல் எதிரெதிர் நின்றனர். கல்லூரி மாணவராகிய நம்மனோர் இச்செய்தியை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருவருட் பொய்யர் எவரும் இலர். ஒருவர் 'தொழிலாளர்' என்னும் சொல்லைக் கொண்டு மக்களைக் கண்டார். மற்றவர் அச்சொல்லால் மறைக்கப்பட்ட மக்களைக் கண்டார்.

விளைவு கொடிதாயிற்று. ஜூன் இறுதியிற் புளியந்தோப்பிற் குடிசைகள் தீக்கிரையாயின. வேலைக்குச் சென்றோரும் செல்லாதோரும் ஒருவரையொருவர் தாக்கினர். ஆகஸ்டிற் போலீஸார் சுட்டனர், உயிர்கள் மாண்டன. ஆளுநர் வில்லிங்டன் பிரபு திரு. வி. க.வை அழைத்து, நாடு கடத்தப்படுவார் என்று எச்சரித்தார். அரசியலில் அவர்க்கு மாறான நீதிக்கட்சியின் தலைவராகிய சர் பி. தியாகராயச் செட்டியார் அந்நடவடிக்கையைத் தடுத்து நின்றார். இஃது அந்நாளைய பெருந்தன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அக்கட்சியாரே சாதித் தொழிலாளர் பக்கம் சாய்ந்தனர் என்று இராஜா உணர்ந்தார். சில ஆண்டிற்குள் அவர் அக்கட்சியை விட்டு நீங்கினார். அக்டோபரில் வேலைநிறுத்தம் வெற்றியின்றி முடிந்தது.

திரு. வி. க. தீண்டாமையை வாழ்நாள் முழுதும் கடிந்தவர். குடிசைகள் எரிந்ததை எண்ணி உளம் நைந்தவர். அதில் ஐயமில்லை. எனினும் தலைவர் ஒருவரின் உளம் தூயதாயிருத்தல் வேறு. அவர் நடத்தும் சங்கம் அத்தூய்மையைத் தன் அமைப்பில் ஏற்றிருத்தல் வேறு. 1918இற் சங்கம் எழுந்தபோது கூலியும் நேரமும் பேசப்பெற்றன. தெருவும் கிணறும் பேசப்பெறவில்லை. அவை சமூகச் சீர்திருத்தம், இவை தொழிலாளர் காரியம் என்று இரண்டாகப் பகுத்தனர் தலைவர். அப்பகுப்பே 1921இற் சங்கத்தைப் பிளந்தது என்பது எமது துணிபு. இத்தோல்வியிலிருந்து அவர் என்ன கற்றார் என்பதை அறியவே காஞ்சிக்கு மீள்கின்றோம்.

1925 நவம்பரில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாடு காஞ்சிபுரத்திற் கூடிற்று. தலைமை தாங்கியவர் திரு. வி. க. சட்டசபைப் பிரவேசம் பற்றிய பூசல் ஒருபுறம். சேரன்மாதேவி குருகுலத்திற் பிள்ளைகள் தனிப்பந்தியில் உண்பிக்கப்பட்டதால் எழுந்த மனப்புண் ஒருபுறம். ஈ. வெ. இராமசாமி நாயக்கர், அரசாங்க வேலையிலும் சட்டசபையிலும் வகுப்புகளுக்கு ஏற்ற விகிதத்தில் இடம் அளிக்கப்பெற வேண்டும் என்னும் கோரிக்கையைத் தீர்மானமாகக் கொணர முயன்றார். தலைவர் அதனை அனுமதிக்க மறுத்தார். நாயக்கர் தம்மைச் சார்ந்தோருடன் மாநாட்டை விட்டு வெளியேறினார். பின்னாளிற் பெரியார் என்று நாடு அழைத்த அவர்தம் தனிப்பாதை அவ்வாயிலிற்றான் தொடங்கியது. சுயமரியாதை இயக்கத்தின் தோற்றத்தை எழுதுவோர் காஞ்சி மாநாட்டைக் குறிக்காது செல்லார்.

வியப்பு யாதெனின், எட்டாண்டுக்கு முன், 1917இல், காங்கிரஸில் இருந்த பிராமணரல்லாதார் சென்னை மாகாணச் சங்கம் என ஒன்று கண்டபோது, அதில் நாயக்கரும் இருந்தார், திரு. வி. க.வும் இருந்தார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பது அச்சங்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. 1917இற் கேட்கத்தக்கதாயிருந்தது 1925இற் கேட்கத் தகாததாயிற்றோ? மாநாட்டுத் தலைவர் என்ற முறையில் பிளவு நேராது காத்தலே தம் கடன் என்று அவர் கருதியிருத்தல் கூடும். ஆனால் பேசவிடாது காத்த ஒற்றுமை அம்மாலைவரைகூட நில்லாது போயிற்று. பெரம்பூரிலும் நிகழ்ந்தது இதுவே. அங்கே 'முதலில் கூலி, பின்னர்ச் சாதி' என்றனர். இங்கே 'முதலில் சுயராஜ்யம், பின்னர் வகுப்பு' என்றனர். 'பின்னர்' என்னும் சொல்லை எப்போதும் கேட்க நேர்ந்தவர் யாரோ, அவரே இரண்டு இடத்தும் எழுந்து வெளியேறினர்.

இவ்வாறு எழுதுவதால் யாம் அவர்தம் பெருமையைக் குறைத்ததாகக் கொள்ளலாகாது. வகுப்புவாரி அரசாணை 1928 முதல் நடைமுறைக்கு வந்தது. அது செல்லாது என நீதிமன்றம் கூறியபின், 1951இல் அரசியலமைப்பே திருத்தப்பெற்றது. காஞ்சியில் அடைக்கப்பெற்ற கதவு வேறு வழியில் திறந்துகொண்டது. திரு. வி. க.வும் காங்கிரஸினின்றும் மெல்ல மெல்ல விலகினார். ஆனால் தொழிலாளரிடத்தினின்றும் விலகவில்லை. சிங்காரவேலர் 1923 மே முதல் நாளிற் சென்னையில் மேதினம் கொண்டாடினார், திரு. வி. க. அவர்க்கு நண்பர். 1920இல் தொடங்கிய 'நவசக்தி' இதழிலே தொழிலாளர் செய்தியும், பெண்ணுரிமையும், சமரச சன்மார்க்கமும் ஒரே தமிழில் அவர் எழுதி வந்தார். 'பெண்ணின் பெருமை' எழுதிய கையே ஆலைத் தொழிலாளரின் விண்ணப்பத்தையும் எழுதிற்று. தமக்கென வீடு, நிலம், பொருள் சேர்த்தாரில்லை. செல்வர் அழைத்த விருந்தைக் காட்டிலும் தொழிலாளர் அழைத்த கூட்டத்திற்கு நடந்து செல்வதை மேலாகக் கொண்டார்.

1944இல் தம் வாழ்க்கைக் குறிப்புக்களை அவர் நூலாக வெளியிட்டார். தமிழிற் பொதுவாழ்வினர் எழுதிய தன்வரலாறுகளுள் அதற்கு ஒப்பானவை மிகச் சில. தொழிலாளர் இயக்கம் பற்றிய பகுதி அதிற் பெரிது. பெரம்பூர்க் கூட்டங்களை நேரிற் கண்டவர் எழுத்தாதலின், ஆராய்ச்சி மாணவர் இன்றும் அதனையே முதலிற் புரட்டுகின்றனர். அரசாங்க அறிக்கைகளோடும் எம். சி. இராஜாவின் பேச்சுக்களோடும் அதனை ஒப்பவைத்துப் படித்தாலன்றி 1921 முழுமையாக விளங்காது என்று யாம் மாணவர்க்குச் சொல்வதுண்டு. நூலகத்தில் மூன்றையும் ஒருங்கே கேட்பவர் அரியர்!

நாடு விடுதலை எய்திய 1947ஆம் ஆண்டில் அவர் மீண்டும் ஆலைப்பூசலில் அகப்பட்டார். அவ்வாண்டு மார்ச்சில் அதே பெரம்பூர் ஆலைகளில் எழுந்த வேலைநிறுத்தம் ஏறத்தாழ 100 நாள் நீடித்தது. சென்னையில் ஆட்சி புரிந்தது காங்கிரஸ் மந்திரிசபை. 1921இல் வெள்ளை ஆளுநர் நாடுகடத்துவதாக அச்சுறுத்திய அவரை, அறுபத்து மூன்று வயதில், தாம் வளர்த்த கட்சியின் அரசாங்கம் வீட்டுக் காவலில் வைத்தது. இராயப்பேட்டையிலுள்ள சிறிய வீடு, வெளியே போலீஸார், உள்ளே நூல்கள். அவர் இதனைப் பற்றிக் கசந்து பேசினாரல்லர்.

இறுதி ஆண்டுகளிற் கண்ணொளி குன்றிற்று. எழுத இயலாமையால் பாக்களைச் சொல்லிப் பிறரைக் கொண்டு எழுதுவித்தார்; படுக்கையில் இருந்து சொல்லிய பாடல்களின் தொகுப்பு ஒன்று 1953இல் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அவர் மறைந்தார். பெரம்பூரை அடுத்த பகுதி திரு. வி. க. நகர் என்று பெயர் பெற்றது. அவர் சங்கம் கண்ட ஆலைகள் 1996இல் மூடப்பெற்றன. சங்கு ஊதிய வாயிலில் இப்போது கூடுவார் இலர். காஞ்சியின் தறிகள் ஒரு கூரையின்கீழ் வாராமலே இன்றும் வீடுதோறும் ஒலிக்கின்றன.